வெட்டு, வெட்டு, நில்

மூன்று நாற்பதுக்கு அந்த நோட்டைத் திறந்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் சிறப்பு வகுப்புக்காகப் புதுக்கடைக்குப் போயிருந்தாள். மூன்றரை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டும். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவள் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வேதியியல் ரஃப் நோட்டு கையில் வந்தது. நான் கணக்கு டீச்சர். பிள்ளைகளின் நோட்டைக் கண்டால் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவது என் பழக்கம். முன்பக்கங்களில் எங்களுக்காக எழுதுவார்கள், பின்பக்கங்களில் அவர்களுக்காக.

கடைசிப் பக்கத்தில் நீல மையில் அவளுடைய உருண்டைக் கையெழுத்து. இன்றும் பார்க்காமலே சொல்வேன்:

வெட்டு, வெட்டு, நில், வெட்டு.
உயரத்துல ஏறு. கீழ பாக்காண்டாம். சாடு.
ஒரு உயிர் போனா போகட்டு. பயப்படாண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சொல்லை விளக்க வேண்டும். மற்ற இடங்களில் சாடுவது என்றால் ஒருவரைக் கடுமையாகப் பேசுவது. எங்கள் பக்கத்தில் குதிப்பது. பிள்ளைகள் மதில் சாடுவார்கள், ஓடை சாடுவார்கள், யாரும் பதறுவதில்லை. ஆனால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, இன்னார் மகள் சாடினாள் என்று சொன்னால் எங்கே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கிணறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான்கு மணி பஸ்ஸிலும் அவள் வரவில்லை. அவளுடைய வேதியியல் டீச்சருக்குப் போன் செய்தேன். வகுப்பு ஒரு மணிக்கே முடிந்துவிட்டது என்றார்.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுடைய அப்பா ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தது. கூடவே ஒரு சண்டை விளையாட்டு. சாம்பல் நிறத்தில் நீளச் சட்டை போட்ட ஒருவன், தோளில் வாள், எங்கள் வீட்டில் அவனுக்கு நெட்டையன் என்று பெயர். அவனைச் சுற்றிப் பூதங்களும் எலும்புக்கூடுகளும் வந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு பிள்ளை பூதங்களுக்கு முன்னால் உட்கார்ந்தது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடக்கிற வழியில் நின்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவன் வெட்டுவது வெட்டு மாதிரி இல்லை. ஒன்றை வெட்டி, அந்தச் சுழற்சியிலேயே அடுத்ததை மேலே தூக்கி எறிந்து, அது கீழே வருவதற்குள் மூன்றாவதன் தலைமேல் மிதித்து ஏறுவான். சட்டை நுனி அவனுக்குப் பின்னால் அரை நொடி தாமதித்து வரும்.

"ஏட்டி, ஒரே வெட்டா வெட்டிட்டுப் போகாம எதுக்கு இந்தச் சுத்தும் ஆட்டமும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரேத திரும்பத் திரும்ப அடிச்சா டி-தான் கிட்டும் அம்மா."

திரையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஓர் எழுத்து மாறிக்கொண்டே இருந்தது. டி, சி, பி, ஏ. ஏ-க்கும் மேலே எஸ் என்று ஒன்று. அடி விதவிதமாக விழ விழ எழுத்து ஏறும். செய்ததையே செய்தால் இறங்கும். சும்மா நின்றாலும் இறங்கும்.

"ஜெயிச்சா போராதா?"

"ஜெயிக்கது எல்லாரும் ஜெயிப்பாவ. எப்பிடி ஜெயிச்சன்னு இல்லியா இது கேக்குது."

"எனக்க கிளாஸ்ல அப்பிடி யாரும் கேக்கதில்லியே."

"அதான் உனக்க கிளாஸ்ல பிள்ளைய எல்லாம் ஒறங்குது."

அந்தப் பதிலுக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. இருபது வருஷமாக நான் திருத்துகிற தாள்களில் விடை சரியா தவறா என்பதுதான் கேள்வி. ஒரு பிள்ளை புது வழியில் விடைக்குப் போயிருந்தால் வழிக்கு மதிப்பெண் கொடுக்க என்னிடம் இடம் இல்லை. எங்கள் மதிப்பெண், வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும். அவளுக்கு அது விரல் அசையும்போதே வந்தது.

அதில் இன்னொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் நெட்டையன் ஒன்றும் செய்ய மாட்டான். சுற்றிலும் பூதங்கள் வாயைப் பிளந்து நிற்க, தோளில் விழுந்த தூசியைத் தட்டி விடுவான். அவ்வளவுதான். அடி விழாது, உயிர் கூடாது. இது எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணுக்குமில்ல. ஸ்டைலு," என்றாள். சொல்லிவிட்டு அதை மறுபடியும் அழுத்தினாள்.

அந்தப் பொத்தானைப் பற்றி நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். இரட்டைப் பின்னலும் மடித்துக் குத்திய ஷாலுமாக அவள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை போனால் நான்கு பேர் பார்ப்பார்கள். டீச்சர் மகள் குனிந்து போகிறாளா, யாரிடம் பேசுகிறாள், எத்தனை மார்க். சர்ச்சில் அதே கண்கள். வீட்டில் என் கண்கள். எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கி வரும்போது அவசரப்படாமல் தோளைத் தட்டிவிட ஒருவனால் முடிகிறது, அவன் அசைவது இவள் கட்டை விரலால். அதுதான் அவளைப் பிடித்து வைத்தது என்று நினைக்கிறேன். நான் ரத்தத்தையும் வாளையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

நெட்டையனை வைத்து ஒரு கார்ட்டூன் படமும் வந்திருந்தது. அதைப் பென் டிரைவில் கொண்டுவந்தவள் இனயத்திலிருந்து வந்து இவளோடு படித்த தோழி. மீன்பிடிக்கிற குடும்பம். அவளுடைய அண்ணன் வெளிநாட்டுப் போட்டில் வேலைக்குப் போய், இதே பெட்டியை வாங்கி வீட்டில் வைத்திருந்தான். ஒரே பள்ளி, தோழி தமிழ் வழிப் பிரிவு. மூன்று பேரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டே ஒரு மத்தியானம் அந்தப் படத்தைப் பார்த்தோம். விளையாட்டைவிட எனக்குப் படம் பிடித்தது. என் பிள்ளையின் கை அதில் யாரையும் வெட்டவில்லையே. அவளுக்கோ மடியில் இரண்டு கட்டை விரலும் வெறும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தன. "எல்லாம் அவனே செய்யுதான், நமக்கு என்ன சோலி?" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஒரு காட்சியை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டாள். சண்டை முடிந்து அறைக்கு வந்த நெட்டையன், கிழிந்த சட்டைக் கைக்கு நூல் கோக்கப் பார்த்து, ஊசிக் காது அகப்படாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறான். "கேம்ல இவன் ஒருநாளும் உக்காந்து இருந்ததில்ல," என்று தோழியிடம் சொன்னாள்.

அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் வழுக்கினாள். பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டேன். பரீட்சை முடியட்டும் என்றேன். சரி என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை என்று பெருமையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஒற்றைச் 'சரி'தான் காதில் கேட்டது. மகளைக் காணவில்லை என்று மதிலுக்கு அப்பால் கூப்பிட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணன், ரப்பர் பால் வெட்டுகிறவர், உள்ளே வந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது கிணறு.

"டீச்சர், கெணத்து மூடி எதுக்குத் தெறந்து கெடக்கு?"

காலையில் குடிக்க வெள்ளம் கோரிவிட்டு நான்தான் மூடாமல் வந்திருந்தேன். அது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் தன் மனைவியிடம் கொடுத்தார். கயிறும் பாதாளக் கரண்டியும் கொண்டுவர ஆள் ஓடியது. வாளி விழுந்தால் எடுக்கிற அந்தக் கொக்கிகள் கிணற்றுச் சுவரில் உரசுகிற சத்தம் எனக்கு இப்போதும் பல்லில் கேட்கும். முற்றத்தில் ஆள் சேர்ந்தது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அண்ணன் மனைவி நோட்டை முதலிலிருந்து வாசித்தார். வெட்டு, வெட்டு, நில். ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். "அவ எதுக்கு சாடணும்? நீ அவள என்ன சொன்ன?" என்றுதான் அவர் கேட்டார்.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பையில் நெத்திலி. கேட்டைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். அண்ணன் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் பாதி இறங்கியிருந்தார். அவருடைய தலை கிணற்றுச் சுவருக்கு மேலே வந்தது.

"மக்கா, நீ மேல நிக்கிய. நான் உன்னைக் கீழ தேடுதேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பயம் இறங்கின சிரிப்பு. நானும் சிரித்திருக்கிறேன். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு கிணற்றை, கொக்கியை, இன்னொரு வீட்டுக்காரி கையில் விரிந்திருந்த தன் நோட்டை. நான் ஓடிப்போய், "எங்கட்டி போன?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அத்தனை பேர் முன்னால் அவள் கன்னத்தில் அடித்தேன். அணைத்துக்கொள்ளத்தான் ஓடினேன். கை வேறு செய்தது.

ஒரே ஒருமுறை விளக்கம் சொன்னாள், சத்தம் உயராமல். இனயத்தில் தோழி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாளாம். தோழிக்கு இரண்டாவது பூதத்தைக் கொல்ல வரவில்லை. விளையாட்டில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடாததால் முறையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வைத்திருந்த பக்கம் அது. கூரைமேல் ஏறி அதன் தலையில் குதிக்க வேண்டும். விளையாட்டில் ஒரு உயிர் போனால் இன்னும் இரண்டு இருக்கும். "பூதமா?" என்று யாரோ கேட்டார்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் இருளின் பிடியிலிருந்து ஒரு சகோதரிக்கு விடுதலை வேண்டி ஜெபித்தார்கள். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். பள்ளியில் அவளுக்குக் 'கெணத்துக்காரி' என்று பெயர் விழுந்ததைத் தோழிதான் பிறகு என்னிடம் சொன்னாள்.

பரீட்சையில் நன்றாகவே தேறினாள். கோயம்புத்தூரில் படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். எங்கள் கிணற்று வெள்ளத்தை அவள் அன்றைக்குப் பிறகு கையால் தொடவில்லை. குழாயில் தண்ணீர் வரும்வரை காத்திருந்து குளிப்பாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், இரண்டு நாளில் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசும்போது முடிவில் நான் சொல்வேன்: "மக்கா, அண்ணைக்கு நான் தெரியாம செஞ்சிட்டேன், அம்மாவ மன்னிச்சிரு." அவள் "சரிம்மா" என்பாள். ஏழு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், அதே வார்த்தைகள். அதே சரி.

போன வருஷம் பீரோவை ஒதுக்கியபோது பெட்டி அகப்பட்டது. அதன்மேல் அந்த நோட்டு. அந்தச் சாயங்காலம் மகள் வாங்கி, துணி துவைக்கிற கல்லில் விட்டுப் போனதை நான்தான் எடுத்து உள்ளே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு பெட்டியை டிவியில் மாட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடத் தொடங்கினேன். பூதங்கள் நெருக்கி வந்தால் எனக்கு ஒரே பொத்தான்தான் தெரியும். அதையே இடிப்பேன். திரையின் ஓரத்தில் டி விழும். நோட்டை மடியில் விரித்து அதன்படி செய்து பார்த்தேன். வெட்டு வந்தது. சாடுவதும் வந்தது. நடுவில் அந்த 'நில்' மட்டும் வரவில்லை. ஒரு நொடி விரலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் அவ்வளவு வாய்கள் பிளந்து நிற்கும்போது என் கை நிற்க மறுத்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பின்னால் ஒரு பை தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. கதவடியில் செருப்போடு நின்று டிவியைப் பார்த்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள், மடியில் விரிந்துகிடந்த பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயே ரொம்ப நேரம் பார்த்தாள். நெட்டையன் அடிவாங்கிக்கொண்டிருந்தான்.

"மக்கா, அண்ணைக்கு நான் தெரியாம..." என்று தொடங்கினேன்.

"அம்மா," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரேத திரும்பத் திரும்ப அடிச்சா டி-தான் கிட்டும். கொஞ்சம் நில்லு."