இடதுபக்கக் கதவில் ஒரு சொட்டை

தமிழில் சொட்டை என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேலை. தகரத்தில் விழும் பள்ளம் சொட்டை. தலையில் முடி போன இடம் சொட்டை. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துப் பேசினால் அதுவும் சொட்டை சொல்வதுதான். ஓசூரில் ஒரு லாரிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியை இன்ஸ்பெக்‌ஷனில் கழித்த எனக்கு மூன்றும் பொருந்தும். "சொட்டை சொட்டையப் பாக்குது" என்று லைனில் இருப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். காதில் விழாத மாதிரி நடந்துவிடுவேன். அடுத்த கதவில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே குறை கண்டுபிடிப்பேன்.

கதவுகளைப் பார்ப்பது என்று பெயர்தானே தவிர, உண்மையில் தடவுவதுதான் வேலை. வெள்ளைக் காட்டன் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையை மெதுவாக ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் நல்லது. ஃபிரிட்ஜ் வாங்கப் போய், கடைக்காரரை ஐந்து ஃபிரிட்ஜைப் பிரிக்க வைத்து, ஆறாவதையும் வேண்டாமென்று வந்திருக்கிறேன். மைத்துனன் வீட்டுச் சீர்வரிசையில் குடத்தைத் தடவிப் பார்த்து, "இதுல ரெண்டு இருக்கு" என்று சபையில் சொல்லியிருக்கிறேன். நான் பெண் பார்க்க வந்தபோது இந்த வேலையில் சேர்ந்திருக்கவில்லை என்பதால்தான் கல்யாணமே நடந்தது என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதனால், ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே அவளாகவே எனக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்தாள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில், கிரானைட் தொழிலில் இருந்த ஒருவர் பழைய ராணுவ வண்டிகளை ஏலத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்து, கல் பாலிஷ் போடும் ஷெட்டையே ஒரு சின்ன அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார். ஜீப், லாரி, பீரங்கி இழுக்கும் வண்டி, எஞ்சின் இல்லாத ஒரு டாங்கி. வாரத்தில் மூன்று நாள் வந்து கூடமாட உதவ வண்டி தெரிந்த ஆள் தேவை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் தருவார்களா என்றுகூட அவள் கேட்கவில்லை. என்னை வீட்டை விட்டுக் கூட்டிப் போனால் போதும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் மைசூரில் அருங்காட்சியகப் படிப்பு படித்த ஒரு பெண். என் மகள் வயதுதான். நான் மேடம் என்பேன், அவர் சார் என்பார். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நம்ம வேலை ரிப்பேர் இல்லே சார். இருக்கறத இருக்கற மாதிரியே வெச்சுக்கணும். ஒண்ணும் பண்ணாம இருக்கறதுதான் கஷ்டம்." நான் தலையாட்டினேன். பார்க்க வருபவர்களும் பெரும்பாலும் என்னைப் போன்ற கம்பெனி ஆட்கள்தான். டாங்கியைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, கடைசியில் மைலேஜ் என்ன கொடுக்கும் என்று கேட்பார்கள். எஞ்சினே இல்லை என்று சொன்னாலும், இருந்தபோது என்ன கொடுத்தது என்பார்கள்.

அங்கே மூன்று டன் லாரி ஒன்று புதிதாக வந்திருந்தது. மேடம் பஞ்சை வைத்துப் பழைய பெயின்டை மெல்ல மெல்லத் துடைத்ததில், அடியிலிருந்து அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் வெளியே வந்தது. அந்த நம்பரைப் போட்டோ எடுத்து முன்னாள் ராணுவத்தினரின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டார். ஒரு புதன்கிழமை போன் வந்தது. மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். அந்த லாரியை ஓட்டியவராம். சனிக்கிழமை பார்க்க வருகிறாராம். மேடத்துக்குக் காலே தரையில் படவில்லை. வண்டியை ஓட்டிய ஆளே கிடைப்பது அவர்கள் படிப்பில் பெரிய விஷயமாம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு உறுத்தல். அந்த லாரியின் இடதுபக்கக் கதவில் ஒரு முழத்துக்கு நீளமாக ஒரு சொட்டை இருந்தது. வந்த நாளிலிருந்தே என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்து மனிதர் தன் வண்டியைப் பார்க்க வருகிறார், அவர் முன்னால் இதை இப்படியா நிறுத்துவது? வியாழக்கிழமை மேடம் பெங்களூர் போயிருந்தார். நான் கதவின் உள்தகட்டைக் கழற்றி, பின்னாலிருந்து மரச் சுத்தியால் தட்ட ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருடம் சொட்டை எடுக்கும் இடத்தில்தான் இருந்தேன். கை மறக்கவில்லை. நாலு மணி நேரத்தில் கதவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உதிர்ந்த பெயின்டைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் கேமராவோடு வந்தார். வண்டி எப்படி வந்ததோ அப்படியே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பது முறையாம். அதை அன்றைக்குத்தான் செய்வதாக இருந்தாராம். இடதுபக்கம் வந்ததும் நின்றுவிட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"ஏன் மாடித்ரி சார்?"

கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார். என் காதில் ஏன் செய்தீர்கள் என்று தமிழாகவே விழுந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. ஒரு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்து, என்ன மாற்றம், யார் செய்தது, காரணம் என்ன என்று நிரப்பச் சொன்னார். இருபத்து மூன்று வருடம் குறைச் சீட்டில் மற்றவர்கள் பெயரை எழுதிய கையால் முதல்முறையாக என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'விருந்தாளி வருகிறார்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பெரியவர் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். எண்பதை நெருங்கும் வயது. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த நடை. மேடம் நாற்காலி போட்டு, சால்வை வைத்து, பேசச் சொல்லிப் பதிவு செய்ய எல்லாம் தயாராக இருந்தார். பெரியவர் எதையும் கவனிக்கவில்லை. வண்டியின் முன்பக்கம் போகவில்லை, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேராக இடதுபக்கம் போய், கதவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். நான் தடவுவதைப் போலவே.

"எங்கங்க அது?" என்றார்.

எது என்று நாங்கள் கேட்கவில்லை. "நான்தாங்க ஐயா எடுத்துட்டேன். முந்தாநாள்தான். உங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு" என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சால்வைக்காகப் போட்ட நாற்காலியை அவரே வண்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதப் பாக்கத்தாங்க வந்தேன்" என்றார். "இந்த வண்டிக்கு ரெண்டு டிரைவருங்க. நான் மத்தூரு, அவன் பாரூரு. வடக்க ஒரு கேம்பு. ஒரு நாள் சாயங்காலம், சமையல் கொட்டாய்க்குப் பக்கத்துல வண்டிய நேரா கொண்டுபோயி நிறுத்துனது நானு. மறுநாள் விடியக்காலம் ரிவர்ஸ்ல வெளிய எடுத்தது அவன். ஓரத்துல ஒரு கல்தூண் இருந்துச்சு. பகல்ல பாத்தா கதவுல சொட்டை. யாரு இடிச்சதுன்னு ஆபீசர் சாகிப் கேட்டாரு. அவன் நான் இல்லைன்னான். நானும் நான் இல்லைன்னேன். நான் சீனியரு. அடிச்சுச் சொன்னேன், அவன்தான்னு. அவனுக்கு லீவு கட் ஆயிடுச்சு."

"லீவுதானுங்களே ஐயா" என்றேன், ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"கல்யாணத்துக்குப் போட்ட லீவுங்க அது."

கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனதாம். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை, அங்கேயே ஒருத்தி இருக்கிறாள் என்றெல்லாம் ஊரில் பேச்சு. அந்தப் பெண் அத்தனையும் கேட்டுக்கொண்டு காத்திருந்து அவரையே கட்டிக்கொண்டதாம். அதற்குப் பிறகு இரண்டு டிரைவர்களும் பேசிக்கொள்ளவில்லை. மத்தூருக்கும் பாரூருக்கும் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஐம்பது வருடம் அந்த பஸ்ஸில் இவர் ஏறவில்லை.

"போன மாசியில அவன் போயிட்டான். சாவுக்குப் போனேன். தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். பொய் சொன்னது அவனா நானான்னு எனக்கே தெரியாதுங்க. இடிச்ச மாதிரி ஞாபகமும் இல்ல, இடிக்காத மாதிரி ஞாபகமும் இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உள்ள போறது? சொட்டையப் பாத்தா தெரிஞ்சுடும். நேரா போறப்ப பட்டிருந்தா நானு. ரிவர்ஸ்ல பட்டிருந்தா அவன். நம்பரப் பாத்ததுல இருந்து தூக்கம் இல்ல."

யார் இடித்தது என்று எனக்குத் தெரியும். பாயில் விரித்த போர்வையைக் காலால் தள்ளினால் தள்ளிய பக்கமாகத்தான் மடிப்பு சேரும். தகரமும் அப்படித்தான். வண்டி முன்னால் போகும்போது தூண் உரசினால் மடிப்பு கதவின் பின்பக்கம், கைப்பிடி ஓரத்தில் சேரும். ரிவர்ஸில் உரசினால் முன்பக்கம், கீல் ஓரத்தில் சேரும். நாலு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் நான் அந்த ஒரு மடிப்போடுதான் மல்லுக்கட்டினேன். கைப்பிடி ஓரத்தில்.

மேலே எத்தனையோ தடவை பச்சை அடித்திருந்ததால் கீறல் எதுவும் மிச்சமில்லை. படமும் இல்லை. அந்த உண்மை உலகத்திலேயே என் உள்ளங்கையில் மட்டும்தான் இருந்தது. ரிவர்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குவார். இறந்தவர் வந்து கேட்கப் போவதில்லை. ஒரு முடியில் கால்வாசி அளவுப் பள்ளத்துக்குக் கதவைத் திருப்பி அனுப்பிய ஆள், ஒரு முழச் சொட்டையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவிட வேண்டும் என்றுதான் ஆசையாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுங்களா?" என்று பெரியவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"கைப்பிடிப் பக்கம் மடிஞ்சிருந்துச்சுங்க ஐயா" என்றேன். "நேரா போறப்ப பட்டது."

பெரியவர், மேடம் கொண்டுவந்த தண்ணீரை முழுவதும் குடித்தார். பிறகு, "பாரூர் வரைக்கும் நீங்க கூட வர முடியுங்களா?" என்று கேட்டார். "நான் சொன்னா அவன் வீட்டம்மா நம்பாது. அன்னைக்கி எல்லாரும் நம்பற மாதிரி சொன்னவன் நான்தானே."

கிருஷ்ணகிரி போய் பஸ் மாறினோம். நடுவில் மனைவி போன் செய்தாள். ஒரு சொட்டை விஷயமாகப் பாரூர் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். ஊர் ஊராகப் போக ஆரம்பித்துவிட்டீர்களா என்றாள். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வழியில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மடிப்பு எவ்வளவு ஆழம் என்று. ஒரு விரல் என்றேன்.

அந்த அம்மா வாசலில் கூரைக்காகக் காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் மத்தூர் என்றதுமே யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. பெரியவர் படிக்குக் கீழேயே நின்று, சுற்றி வளைக்காமல், "அந்த லாரிய இடிச்சது நான்தாம்மா. அவன் இல்ல. இவரு கையாலயே பாத்திருக்காரு" என்றார். நான் என் பங்குக்குத் தலையாட்டினேன். கைப்பிடி, மடிப்பு என்றெல்லாம் விளக்கத் தயாராக வந்திருந்தேன். அந்த அம்மா கேட்கவே இல்லை.

"அவரு அப்பிடிச் சொல்லலீங்களே" என்றார். "கடைசி வரைக்கும் நான்தான் இடிச்சிருப்பேன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. முதல்ல இல்லைன்னாராம். அப்பறம் நீங்க அவ்ளோ உறுதியா சொன்னதால, சீனியரு பொய் சொல்ற ஆளில்ல, நமக்குத்தான் தெரியாம போச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு. என் கவனக்கொறவாலதானே நீ ஒரு வருசம் பேச்சு கேட்டேன்னு, எங்கிட்ட அடிக்கடி மன்னிப்பு கேப்பாரு."

பிறகு சோகையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "உள்ள வாங்க" என்றார். பெரியவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். கழற்றிய பிறகும் வெகுநேரம் அவர் நிமிரவில்லை.