வெள்ளிக்கிழமைக் கரண்டு

என் மேசை இழுப்பறையில் இரண்டு கவ்விகள் கிடக்கின்றன. லொறி பெட்டரியின் தலையைக் கடித்துப் பிடிக்கும் பல் வைத்த கவ்விகள். பல்லிடுக்குகளில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கிறது. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். சிவப்பு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், இப்போது அது பழைய செங்கல்லின் நிறம். மடுல்சீமையிலிருந்து பசறைக்கும் பசறையிலிருந்து பதுளைக்கும் வீடு மாறியபோதெல்லாம் புத்தகங்கள் தொலைந்தன, கடிதங்கள் தொலைந்தன, எழுதி வைத்த கவிதைகளும் தொலைந்தன. அதில் பெரிய நட்டமில்லை. இந்தக் கவ்விகள் மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டன. அந்தச் சிவப்புத் துணி மதினியின் சேலையிலிருந்து கிழித்தது. கிழித்ததும் மதினிதான்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தார். விடியலில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் துணியில் சுற்றிய பிள்ளைகளை அவரிடம் இறக்கி வைத்துவிட்டு மலையேறுவார்கள். பத்துப் பதினைந்து தொட்டில்கள் ஒரே நேரத்தில் கத்தும். மதினி அடுப்படியில் பால் மாவைக் கரைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்வார்: மூன்றாவது தொட்டில் பசிக்கு அழுகிறது, ஜன்னலோரத்துப் பிள்ளையை எறும்பு கடித்திருக்கிறது, அந்தக் கடைசிப் பிள்ளை சும்மா மற்றவர்களுக்குத் துணையாக அழுகிறது. போய்ப் பார்த்தால் எறும்பு இருக்கும். இத்தனை காதுள்ள ஒரு மனுசியை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை. நான் அப்போது அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார். அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மின்சார வேலைக்காரர். அண்ணன், மதினி, அவர்களுடைய கைக்குழந்தை, நான் என்று நால்வரும் ஸ்டோரை ஒட்டிய சின்ன குவாட்டர்ஸில் இருந்தோம். தொழிலாளர் லயங்களில் குப்பி விளக்கு எரிந்த காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் ஸ்டோரிலிருந்து இழுத்த வயரில் ஒரு பல்பு எரியும். அண்ணனுக்கு அந்த வயர் ஒரு பெருமை.

எழுபதுகளின் கடைசி அது. தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் மதினியின் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குப் போய் ஒரு வருசமாகியிருந்தது. பதுளை ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது அந்த மனிதர் ஜன்னல் வழியே மகளின் கையைப் பிடித்தபடியே இருந்தாராம். யாரோ பிரித்து விட வேண்டியிருந்தது. கடிதம் எழுதத் தெரியாதவர். அவர் போய்ச் சேர்ந்த கோத்தகிரிப் பக்கத்தில் யாரிடமோ பேச்சைப் பதியும் டேப் இருந்திருக்கிறது. திரும்பி வந்த ஒருவர் கையில் ஒரு கசெட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அது எங்களிடம் வந்த வேளைதான் பொல்லாத வேளை. எங்கள் குடும்பமும் இந்தியாவுக்குப் போகிறதா இல்லையா என்று அடுத்த மாதக் கடைசிக்குள் அரசாங்கக் கச்சேரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளை நிரப்பும் வேலை எனக்கு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் மதினியைப் பார்ப்பேன். மதினி கசெட்டைப் பார்ப்பார்.

பதுளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். கடை மேசையில் சின்ன டேப்பில் போட்டுக் காட்டினார். வீடு கிடைத்திருக்கிறது, அம்மா சுகம், ஆடு ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று முன்பகுதி தெளிவாக வந்தது. கடைசியில் குரல் எட்டப் போய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுவதுபோலத் தேய்ந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பஸ் உறுமியது. சாமான் வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நானா மறுபடி போடக் கையை நீட்டியபோது மதினி தடுத்துவிட்டார்.

"வேணாம் நானா. கடையில வச்சு எங்கப்பா பேசுறதக் கேக்கமாட்டேன்."

நானாவுக்கு அது எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். பரணில் கிடந்த பழைய டேப் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். அதில் மோட்டார் சுற்றும், டேப்பைப் படிக்கும் தலை வேலை செய்யும், சத்தம் மட்டும் வராது. தலை தரும் சத்தமோ கொசுவின் மூச்சளவு. அதை வாங்கி ஸ்பீக்கருக்குப் போதுமான சத்தமாக மாற்றித் தர ஒரு பெட்டி வேண்டும். அண்ணன் அதைக் கட்டத் தொடங்கினார். அதற்குப் பெயரே 'கன்வேட்டர்' ஆகிவிட்டது. பிஸ்கட் தகரம்தான் உடம்பு. நாலு ட்ரான்சிஸ்டர், கொஞ்சம் ஈயம், கடை ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்.

பெட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. அதற்கு எந்தக் கரண்டைக் கொடுப்பது என்பதுதான் முடியவில்லை. முதலில் டேப் மோட்டாருக்குப் போட்ட டோர்ச் பெட்டரிகளிலிருந்தே பெட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார். பரீட்சைக்குப் போட்ட பாட்டுக் கசெட்டில் பாடிய பெண், சரணத்துக்கு வருவதற்குள் ஆணாகிவிட்டாள். மதினி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. பெட்டிக்குத் தனியாகக் கரண்டு வேண்டும் என்றானது. நானா கடையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்: "பெட்டரிதான் சுத்தம் தம்பி. லயின் கரண்டுல ஊரே பேசும்." அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டரி தீர்ந்துபோகிற சாமான், தீராத கரண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது எதற்கு என்பார். லயின் கரண்டை இறக்கிச் சீராக்கித் தரும் எலிமினேட்டர் ஒன்றைத் தானே கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டிப் பார்த்தோம். பாட்டு கிணற்றுத் தண்ணீர்போல வந்தது.

அப்பாவின் கசெட்டை அன்றைக்கே போட்டிருக்கலாம். மதினி மாட்டேன் என்றார். அவருக்கு அது வெறும் கசெட் இல்லை. வெள்ளிக்கிழமை, வேலை விட்டு வந்து குளித்து, சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் கேட்பேன் என்றார். அப்படியே வெள்ளிக்கிழமை வந்தது, விளக்கும் வைத்தாயிற்று. அண்ணன் சுவிட்சைப் போட்டார். அப்பாவின் குரலுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. முன்பகுதியை எப்படியோ கேட்டோம். கடைசிப் பகுதி அந்த உறுமலுக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

அந்த உறுமலை வடிக்க அண்ணன் பெரிய கன்டென்சர் ஒன்றைச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சோதித்தார், தெளிவு. வெள்ளிக்கிழமை போட்டோம், உறுமல். பூமிக்கு ஒரு கம்பி இறக்கினார். ஞாயிறு தெளிவு, வெள்ளி உறுமல். ஈரக்காற்று என்றார், ஸ்பீக்கர் கிழிசல் என்றார். ஒரு தடவை விளக்குப் புகையைக்கூடக் குற்றம் சொன்னார். மூன்றாவது வெள்ளிக்கிழமை மதினி எழுந்து பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு காது வெளியே, ஒரு காது பெட்டியில். தொட்டில்களைப் பிரித்துக் கேட்கும் அதே முகம்.

"என்னங்க, இது ஒங்க பெட்டி அழுகையில்ல. இது நம்ம ஸ்டோரு காத்தாடி."

சாயங்காலக் கொழுந்து வந்து பரப்பியதும், அதை வாட்ட மேல்மாடியில் காற்றாடிகள் ஓடத் தொடங்கும். வீட்டுக்கு வரும் வயரும் அவற்றுக்குப் போகும் வயரும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலையில்லை. கொழுந்து இல்லை. காற்றாடி நிற்கும், அந்த வயரும் சும்மா கிடக்கும். தோட்டத்துக்காரனுக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். எதையும் கட்டுவதும் சோதிப்பதும் அந்த ஒரு நாளில்தான். ஊரே அடங்கிய நேரத்தில் சோதித்துவிட்டு, ஊரே ஓடும் நேரத்தில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தக் காற்றாடிகளுக்கு எண்ணெய் போட்டு வயர் பூட்டி வளர்ப்பவரே அண்ணன்தான். இவ்வளவு சின்ன விசயம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்றும் கேட்டுக்கொண்டேன், இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு மடுல்சீமையை விட்டு எங்கும் போக மனமில்லை. மாமனார் அந்தக் கடைசிப் பகுதியில், வந்துவிடு மகளே என்று சொல்லியிருந்தால் மதினி ஒரு நிமிசம் நிற்கமாட்டார் என்பதும் தெரியும். தெரிந்தே செய்திருக்கமாட்டார். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கை பழகியிருக்கலாம். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதரின் பயமும் அப்படித்தான், சத்தமில்லாமல் வேலை செய்யும்.

மாதக் கடைசிக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மிச்சமிருந்தது. இந்தத் தடவை கரண்டை மதினி தெரிந்தெடுத்தார். கொழுந்து லொறி டிரைவரின் பிள்ளை அவருடைய தொட்டிலில்தான் வளர்ந்தது. கடைசிக் கொழுந்தை ஸ்டோரில் இறக்கியதும் லொறிப் பெட்டரியைக் கழற்றித் தரச் சொன்னார். மறுநாள் பெரட்டுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று டிரைவர் கெஞ்சினார். சாக்கில் வைத்து மூங்கிலில் கட்டி, முன்னால் மதினி, பின்னால் நான். ஸ்டோர் இறக்கத்தில் என் கால் வழுக்கி மூங்கில் சாய, அமிலம் தெறித்து அவருடைய சேலையில் மிளகளவு ஓட்டைகள் விழுந்தன. எனக்கு உயிர் போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாத்தியாரே, பள்ளிக்கொடத்துல புள்ளைங்கள நேரா நட நேரா நடன்னு சொல்றது நீங்கதான?"

வீட்டுக்கு வந்ததும் அந்த ஓட்டைச் சேலையின் ஓரத்தைக் கிழித்து, அண்ணன் எடுத்து வைத்திருந்த கவ்வி ஒன்றில் சுற்றினார். இது கூட்டல் பக்கம், மாற்றி மாட்டினால் பெட்டி செத்துப்போகும், விளக்கு வெளிச்சத்தில் தவறு வரக்கூடாது என்றார். எலிமினேட்டரைக் கழற்றச் சொன்னார். வீட்டுப் பல்பையும் அணைக்கச் சொல்லி, லயின் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்க வைத்தார். சாமி விளக்கு மட்டும் எரிந்தது. மேலே காற்றாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் கவ்விகளை மாட்டினார்.

சத்தமே இல்லாத ஒரு சத்தம் முதலில் வந்தது. பனி இறங்குவதுபோல. பிறகு அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார். வீடு, அம்மா, ஆடு. எல்லாருக்கும் சுகம் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, டேப் நின்றுவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கிறார்:

"முடிஞ்சிருச்சாப்பா? வேல இல்லங்கிறது வாயில வந்துருச்சா?"

"இல்லய்யா."

"கொட்டாய்ல கெடக்குறது?"

"அதுவும் சொல்லல."

"நல்லது. சொல்லியிருந்தா அந்தப் புள்ள சோறு திங்காது."

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அழவில்லை; நெடுநேரம் சாமி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தத் தாளை எடுங்க தம்பி என்றார். நாம் போனால் அவருக்கு இன்னும் நாலு வயிறு, இங்கிருந்தால் போகிறவர்கள் கையில் ஏதாவது அனுப்பலாம் என்று மெதுவாக, கணக்குப்பாடம் சொல்வதுபோலச் சொன்னார். நான் எழுதினேன். அப்பாவுக்கும் அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன்: உங்களுக்கு வீடு கிடைத்ததும் ஆடு வாங்கியதும் கேட்டு ரொம்பச் சந்தோசம். அதற்குப் பிறகு அங்கே போன ஒவ்வொரு குடும்பத்தின் மூட்டையிலும் தேயிலைத்தூளும் கம்பளியும் மதினியின் பேரில் போயின. தனக்குத் தெரியும் என்று அவர் கடைசிவரை அப்பாவுக்குத் தெரிவிக்கவில்லை.

தாளை மடித்த பிறகுதான் அண்ணனைப் பார்த்தார். அவர் கவ்விகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இனிமே எதக் கட்டுனாலும் வெள்ளிக்கிழமையில சோதிங்க. ஞாயித்துக்கிழம எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்."

அண்ணன் தலையாட்டினார். முப்பது வருசம் அவர் எதைத் திருத்தினாலும் இந்த வசனம் எங்கள் வீட்டில் வந்து போனது. பிறகு வந்த ஆண்டுகளில், இங்கேயே இருந்தது சரிதானா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. அப்போதும் மதினி அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அண்ணன் இப்போது இல்லை. மதினி பதுளையில் மகளோடு இருக்கிறார். பதினைந்து தொட்டில்களைப் பிரித்தறிந்த அந்தக் காதுகள் போய்விட்டன. காதுக்குப் பின்னால் அவரைக்காய் அளவில் ஒரு கருவி. உலகத்துச் சத்தத்தை வாங்கி அவருக்குப் போதுமான சத்தமாக மாற்றித் தருகிறது. பிஸ்கட் தகரம் சுருங்கி அவ்வளவாகிவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு பெட்டரி அதற்குப் போதும். அதை மூங்கிலில் தூக்க வேண்டியதில்லை. போன வாரம் போயிருந்தபோது அதை மாற்றித் தரச் சொன்னார். என் தடித்த விரலுக்குள் அது அகப்படாமல் இரண்டு தடவை பாயில் உருண்டது. ஒருவழியாகப் போட்டு, காதில் மாட்டிவிட்டு, கேட்கிறதா மதினி என்றேன். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, பின்கதவுப் பக்கம் ஒரு காது, என் பக்கம் ஒரு காது வைத்துக்கொண்டார்.

"தம்பி, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி, மதினி."

"அப்பச் சரி" என்றார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். கவ்விகளின் களிம்பைத் துடைக்கத்தான் துணியை எடுத்தேன், துடைக்கவில்லை. சிவப்பு சுற்றிய கவ்வியை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமுமாக, மாறிவிடாமல் வைத்து மூடினேன்.