ஊசிக்கு முன் ஒரு கேள்வி

கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் நோரா பதினாலு வருஷம் நர்ஸாக இருந்தாள். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஒருவர் உடம்பில் ஏற்றுவதற்கு முன் நாலு வார்த்தை கேட்பது கொழுப்பென்றால், அந்தக் கொழுப்பு எல்லோருக்கும் வரட்டும். கேட்காமல் போட்ட ஊசியில் திடகாத்திரமான ஆள் ஒருவர் மூச்சு முட்டிச் செத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

1936இல் ஒரு காலை, காக்ஸ் டவுன் வாத்தியார் ஓஸ்வால்டின் மனைவி அல்போன்சா, ஏழு வயது மகள் டோரீனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். தொண்டை அடைப்பான் நோய். அந்தக் குதிரை சீரம் ஏறாவிட்டால் பிள்ளை பிழைக்காது. புதிதாக வந்திருந்த டாக்டர் முழு அளவையும் உடனே போடச் சொன்னார்.

நோரா தாயின் பக்கம் திரும்பினாள். "குதிரைகிட்ட போனா பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆவுதா?"

"ஜட்கா வண்டில ஏறினாலே தும்முவா சிஸ்டர், கண்ணு வீங்கிடும். கோயிலுக்குக்கூட நடந்துதான் போறோம். இப்ப எதுக்கு அதெல்லாம்? சீக்கிரம் போடுங்க!"

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று டாக்டர் கத்தினார்.

"நீங்கதான். ஆனா குத்துறது என் கை."

நீர்க்கக் கரைத்த சீரத்தில் ஒரே ஒரு துளியைக் குழந்தையின் முன்கைத் தோலில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். கால் மணிக்குள் அந்த இடம் எட்டணாக் காசு அகலத்துக்குத் தடித்துச் சிவந்தது. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப போடாமலே விட்டுடறதா?"

"போடலாம். கொஞ்சம் கொஞ்சமா."

அட்ரினலின் நிரப்பிய ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒரு தரம் அளவைக் கூட்டிக் கூட்டி ஏற்றினாள். நடுவில் ஒருமுறை மூச்சிழுப்பு வந்தது; அட்ரினலின் அதை அடக்கியது. சாயங்காலத்துக்குள் முழு அளவும் உள்ளே போயிருந்தது. ஐந்தாம் நாள் டோரீன் கஞ்சி கேட்டாள்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில், டோரீனின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய, மாதா படம் தைத்த உத்தரியத் துண்டின் பின்பக்கம் நோரா ஒரு வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தாள். 'குதிரை சீரம் இவளுக்கு ஆகாது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சிவப்பு நூலில் எழுத்து. அடுத்த தடவை யாராவது கேட்காமல் குத்தினால் இந்தப் பிள்ளை தாங்க மாட்டாள்.

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இங்க ஏதோ தப்பு நடந்த மாதிரி ஊரே பேசும். பிரிச்சு எடு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"வரல," என்றாள் நோரா.

அவரே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் குனிந்தார். இத்தனை நாளும் அவரைப் பார்த்தாலே கைகூப்பிய அல்போன்சா குறுக்கே வந்து நின்றாள். உத்தரியத்தை மகளின் கவுனுக்குள் தள்ளி, கழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

"கை வைங்க, பாக்கலாம்."