எந்தப் பக்கத்தில் பாட்டு

பல் செட் செய்யும் பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்ததில் அவளுக்குச் செட்டம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பதே தன் கைவேலையால்தான் என்று கூச்சப்படாமல் சொல்லிக்கொள்வாள். வேலையை விட்டபோது மெழுகுக் கத்தி, ஸ்பிரிட் விளக்கு, சுரண்டி, பூதக்கண்ணாடி எல்லாம் அவளோடு வீட்டுக்கு வந்தன. சும்மா இருக்கிற கையா அது? பழைய அரக்கு இசைத்தட்டுகளைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். மேடு எது, பள்ளம் எது என்று கண்டுபிடித்தால் பல்லும் சரி, தட்டும் சரி, அவளுக்கு ஒன்றுதான்.

ஒருநாள் நாத்தனார் துணியில் சுற்றிய தட்டோடு வந்தாள். நடுவாக, இரண்டு துண்டு.

"நான் பாடினது இதுதான்."

நாத்தனாருக்குத் தம்பி, செட்டம்மாவுக்குப் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், செய்தித்தாளை இறக்கினார். "ரெக்கார்டு கொடுத்தவ, ரெக்கார்டு கொடுத்தவன்னு நீதான்க்கா சொல்ற. கேட்டவன்னு ஒருத்தனைக் காட்டு பாப்போம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், சின்ன வயசில் அக்காள், தம்பி இருவரையும் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் பதிய வைத்தார். ஒருவர் உள்ளே இருந்தபோது மற்றவர் வெளியே. ஒரு பக்கம் அக்காள் பாட்டு, மறுபக்கம் தம்பியின் மவுத் ஆர்கன். வீட்டுக்குக் கிராமபோன் வருவதற்கு முன்பே தட்டு உடைந்துபோனது. அன்றிலிருந்து அக்காள் பாட்டுப் பேச்சை எடுத்தாலே வீட்டில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

செட்டம்மா துண்டுகளைப் பொருத்திப் பார்த்தாள். "சேத்துடலாம் அண்ணி. ஆனா ஒரு பக்கம்தான் பொழைக்கும். இன்னொரு பக்கத்தைச் சூட்டுக் கத்தியால உருக்கித்தான் ஒட்டணும்."

"இவன் பக்கத்தை உருக்கு."

"ஏன், என் மவுத் ஆர்கன் தவிட்டுக்கு வாங்கினதா?"

"நீ ஊதினா தெரு நாயெல்லாம் சேந்து பாடும். போதும்டா."

ஆனால் எது யார் பக்கம்? நடுவில் ஒட்டியிருந்த காகிதம் இரண்டு புறமும் வெளுத்து, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. தப்பான பக்கத்தில் கத்தி பட்டால் பாட்டு போனது போனதுதான்.

செட்டம்மா பூதக்கண்ணாடியை எடுத்தாள். "சத்தம் இருக்கற எடத்துல கோடு நெளியும். சத்தம் இல்லன்னா நேரா ஓடும். நடுவுல எங்கயாவது நிறுத்தினீங்களா அண்ணி?"

"நானா? மடமடன்னு பாடினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உருக்கினா திரும்ப வராது."

நாத்தனார் கைப்பையின் வாரைத் திருகினாள். தம்பியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "ஒரு அடி மறந்துபோச்சு. வாத்தியக்காரரும் நிறுத்திட்டார். அப்புறம் நானா எடுத்துப் பாடினேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். மெழுகுக் கத்தி தன் பக்கம் திரும்பியதைக் கண்டு மூடிக்கொண்டார்.

ஒரு பக்கம் முழுக்க நெளிவு. மறுபக்கத்தில், பாதி வழியில், சில கோடுகள் வாரிவிட்ட தலைமயிர் மாதிரி நேராகக் கிடந்தன.

"இதுதான் உங்க பக்கம்."

தட்டைக் கவிழ்த்தாள். புருஷனின் மவுத் ஆர்கன் மேல் கத்தி சீறியது. அரக்கு வாசனை வீட்டை நிறைத்தது. ஆறியதும் பாட்டுப் பக்கம். பல் செட்டில் மேடு தெரிய நீல மை பூசிய தாளைக் கடிக்கச் சொல்வார்கள். கறுப்புத் தட்டில் நீலம் எங்கே தெரியும்? சாக்பீஸ் தேய்த்த தாளை இணைப்பின் மேல் வைத்து நகத்தால் வருடினாள். வெள்ளை ஒட்டிய இடத்தைச் சுரண்டினாள். மறுபடி தாள், மறுபடி சுரண்டி. பிறகு, விரிசலில் அடைபட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தையல் ஊசியால் திறந்துவிட்டாள். "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கும்" என்று பழைய வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

கிராமபோனில் தட்டு சுழன்றது. சுற்றுக்குச் சுற்று 'டக் டக்' என்ற தட்டலுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் குரல் பளிச்சென்று எழுந்தது. ஊசி எங்கும் துள்ளவில்லை. செட்டம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

குரல் சட்டென்று நின்றது. 'டக் டக்' மட்டும். நாத்தனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். வாத்தியம் ஏதும் இல்லாமல், விட்ட அடியைத் தனியாகவே பிடித்துக்கொண்டு குரல் மேலே ஏறியது.

பாட்டு முடிந்தும் டிரைவர் செய்தித்தாளைத் தொடவில்லை. "நானா இருந்தா அழுதுட்டு வெளிய ஓடிவந்திருப்பேன்க்கா."

"தெரியும்டா." நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செட்டம்மா, அந்த ஜன்னலைத் திற. இன்னொரு தடவை போடு. முதல்லேருந்து வேணாம். நான் மறந்த எடத்துலேருந்து போடு."