அக்காவின் நங்கூர உருளை

அந்த வருடம் அக்கா காப்பி டம்ளரைச் சேலைத் தலைப்பால் சுற்றித்தான் பிடிப்பாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஏரியின் அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும் நங்கூரத்தை ஈரக் கயிற்றோடு இழுத்து இழுத்து வந்த புண். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் யாராவது கையைப் பிடித்து நலம் விசாரித்தால் மட்டும் முகம் சுளிக்கும்.

சுதந்திரம் வந்த சமயத்தில் அத்தான் பட்டாளத்திலிருந்து முதுகெலும்பில் அடிபட்டு வீட்டுக்கு வந்தார். உட்காரலாம், நடக்கலாம், எஞ்சின் ஓட்டலாம். கனமான எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ராணுவம் கழித்துக்கட்டி விற்ற சாமான்களில் ஒரு சின்ன மோட்டார் படகைப் பார்த்தவர், யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். ஒயிட்பீல்டு போகும் வழியில் ஒரு பெரிய ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையும் எடுத்தார். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் எல்லோரும் ஆபீசுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள். நானும் டீச்சர்தான், அம்மாவோடு அக்கா வீட்டிலேயே இருந்தேன். மீன்காரர் வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது.

நங்கூரம் தூக்க ஓர் ஆளை வைத்தால் வருவது அவன் கூலிக்கே போய்விடும் என்று தெரிந்ததும், அக்காவே படகில் ஏறினாள். வலையை இழுக்கும்போது காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகாமலிருக்க நங்கூரம் போட வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் தூக்க வேண்டும். கயிறு படகின் விளிம்பில் உராய்ந்தபடி வரும். பாதி பலம் அந்த உராய்விலேயே போய்விடும். விளிம்பு மரமும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

அவள் கையைப் பார்க்கச் சகிக்காமல் அத்தான் ஒருநாள் பழைய கிணற்றுக் கப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த இரும்புச் சக்கரத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவில் மாட்டி, படகின் மூக்கில் ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். கயிறு சக்கரத்தின் மேல் ஓடியது. நங்கூரம் முன்னைவிடச் சுலபமாக மேலே வந்தது. அன்று சாயங்காலம் அத்தான் சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் தன் கையால் செய்து முடித்த முதல் காரியம் அதுதான்.

ஆனால் கிணற்றில் கயிறு நேராகத் தொங்கும். ஏரியில் காற்று படகைத் திருப்பத் திருப்பக் கயிறும் பக்கவாட்டில் இழுக்கும். ஆடி மாதத்துக் காலை ஒன்றில், அக்கா பாதிக் கயிற்றை இழுத்திருந்தபோது அது சக்கரத்தை விட்டுத் துள்ளி, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் இறுகிக்கொண்டது. இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. நங்கூரம் அடியில் எதிலோ மாட்டியிருந்தது. அலை வரும்போதெல்லாம் படகின் மூக்கு தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அத்தான் எஞ்சினை விட்டு எழுந்து வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சாக இழுத்திருக்கிறார். அப்படியே மடிந்து படகுக்குள் விழுந்தார். அக்கா மீன் வெட்டும் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பிறகு, அதுவரை தொட்டே பார்க்காத எஞ்சினை அவர் படுத்தபடியே சொல்லச் சொல்லக் கிளப்பி, படகைக் கரை சேர்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அத்தான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒருநாள் அக்கா கஞ்சி கொண்டுபோனபோது திடீரென்று கேட்டார்.

"கயித்த அறுக்கச் சொல்லி உன்ன யார் கேட்டா? நல்ல நங்கூரம் போச்சு."

"வேற எத அறுக்கச் சொல்றீங்க? உங்களையா?" என்றாள் அக்கா. டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தவளின் கண் கலங்கியிருந்தது.

அம்மா அவள் பின்னாலேயே வந்தாள். "போதும்டி. படக வித்துடுங்க. அவருக்கு ஒக்காந்து பாக்குற வேலையா ஏதாவது பாக்கலாம்."

"படகு என்னம்மா பண்ணுச்சு? அந்தச் சக்கரம்தான் சரியில்ல."

அந்தச் சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு கண்டோன்மெண்ட் மார்க்கெட்டுக்குப் பின்னால் லேத் கடைசல் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனாள். கப்பியை மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா, கெணத்து சாமானா?"

"கெணத்துக்குத்தான் பாய் இது சரி. எனக்குக் கயிறு பக்கத்துல இழுத்தாலும் வெளிய ஓடக் கூடாது."

பாய்க்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்களுக்கு லேத்தைப் பற்றித் தெரியாது. மூவரும் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு வெகுநேரம் தகராறு செய்தோம். கடைசியில் கருவேலங்கட்டையில் நடுவே ஒடுங்கி இருபுறமும் பருத்த ஓர் உருளை கடைவது என்று முடிவானது. கயிறு எங்கே போனாலும் தானாக நடுவுக்குச் சரிந்துவரும். பக்கத் தகடுகள் உருளையை ஒட்டியே நிற்கும், இடுக்கே இருக்காது. தகடுகள் காதுபோல மேலே உயர்ந்திருக்க, குறுக்கே ஒரு போல்ட். கயிறு துள்ளினாலும் அதைத் தாண்ட முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தானின் கட்டிலருகே வைத்தாள். அவர் பார்க்காததுபோல் இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் எட்டிப் பார்த்தபோது அதை மார்மேல் வைத்து, விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்க்ரூ தாங்காது," என்றார், என்னிடம் சொல்வதுபோல், அடுப்படிக்குக் கேட்கும் குரலில். "பலகைக்கு அடியில ஒரு இரும்புத் தகடு குடுத்து, ஊடால போல்ட் போடச் சொல்லு. இல்லன்னா பலகையோட பேத்துக்கினு வந்துடும்."

"அத நேரா எங்கிட்டயே சொன்னா என்னவாம்?" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள்.

அவர் சொன்னபடியேதான் மாட்டினோம். சோதித்துப் பார்த்த அன்று அத்தானைக் கரையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அக்காவும் நானும் படகில் போனோம். காற்று இருந்தது. புது நங்கூரத்தைப் போட்டு, படகு திரும்பிக் கயிறு கோணலாக விறைக்கும்வரை வேண்டுமென்றே காத்திருந்தாள். பிறகு இழுத்தாள். கயிறு உருளையின் ஓரத்தில் ஏறியது, நடுவுக்குச் சரிந்தது, ஓடியது. சேறும் பாசியுமாக நங்கூரம் மேலே வந்து தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. அக்கா கரைப்பக்கம் பார்க்கவே இல்லை, எஞ்சினைக் கிளப்பினாள். நான்தான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் நெற்றிக்கு நிழல் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

உடம்பு தேறியபின் அவர் மறுபடி படகில் ஏறினார். எஞ்சின் அவருக்கு, நங்கூரம் அக்காவுக்கு. பல வருடங்கள் அப்படியே ஓடியது. குத்தகை வேறு ஒருவர் கைக்குப் போனபோது படகையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று கடைகளில் இந்த உருளை ரப்பரிலும் எஃகிலும் தயாராகக் கிடைக்கிறது. அன்று படகை வாங்க வந்த அந்தக் குத்தகைக்காரர் படகின் மூக்கைத் தடவிப் பார்த்து, "இத யார் சார் பண்ணது? நல்லா இருக்குதே," என்று கேட்டார். கப்பி வைத்ததும் தான்தான், போல்ட் போடச் சொன்னதும் தான்தான் என்று அத்தான் சொல்லியிருக்கலாம்; பொய்யும் ஆகாது.

"எங்க வீட்ல பண்ணது," என்றார் அத்தான். "சந்தேகம்னா அவங்களையே கேளுங்க. எனக்கு எஞ்சின் மட்டும்தான் தெரியும்."