மாமாவின் பல்செட்டும் நூற்றெண்பது மங்கல் படங்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் குமரனுக்குப் பெண் பார்க்கச் செரண்டாவிலிருந்து சுங்கை பெசாருக்குக் கிளம்பினோம். காரில் நான், மனைவி கவிதா, குமரன், பிறகு சம்பந்தம் பேச வேண்டிய என் மாமனார். பெண் வீட்டில் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். வழியில் கோலா சிலாங்கூர். அங்கிருந்து சுங்கை பெசார் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இரண்டு மணிக்குப் புக்கிட் மெலாவத்தி குன்றில் நின்றோம்.

வழியில் வாங்கிய டோடோல் மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது என்று மாமா பல்செட்டைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றிக் காரின்மேல் வைத்தார். கடலைப் பொட்டலம் என்று நினைத்த குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. உச்சியில் எங்கோ போட்டுவிட்டுத் தாவிவிட்டது.

"ஷம்மந்தி வீட்டுல எப்படிடா பேஷுறது?" என்றார் மாமா.

கைப்பேசியில் உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு கிளைகளில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் உதவ வந்தார். "ஒரு கிளைதான் ஏறுவேன் லா. எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

ராவாங் தொழிற்சாலையில் கேமரா படங்களைச் சோதிப்பது என் வேலை. கவிதாவை ஆறு வினாடி வீடியோ எடுக்கச் சொன்னேன். சிரிப்பில் அவள் கை நடுங்கியது, அதுதான் வேண்டும். வினாடிக்கு முப்பது வீதம் நூற்றெண்பது படங்களும் மயிரிழை தள்ளித் தள்ளி விழும். அவற்றைக் காரிலிருந்த மடிக்கணினியில் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், ஒரே படத்தில் தெரியாதது தெரியும்.

அவசரத்தில் கூர்மையை அளவுக்கு மேல் கூட்டிவிட்டேன். இரண்டு புள்ளிகளுக்கும் பல் முளைத்தது.

"அத்தான், அந்த இலைக்கும் பல்லு இருக்கு," என்றான் குமரன்.

குறைத்தேன். இடப்பக்கம் ஐஸ்கிரீம் கப். வலப்பக்கம் வளைந்த வெள்ளை, அதன் ஓரத்தில் ஈறுபோல மெல்லிய ரோஸ் கோடு. அண்ணன் வலப்பக்கம் ஏறினார். பல்செட் கிடைத்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினோம்.

ஐந்தேகாலுக்குச் சுங்கை பெசார். மாமா பெண் வீட்டில் முழுக் கதையையும் சொல்லி முடித்தார். பெண் குமரனைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ நீங்க அனுப்புன போட்டோவும் உங்க அத்தான் சரி பண்ணதா?"

"இல்ல லா, அது என் சொந்த மூஞ்சிதான்."

போகிறவர்களுக்கு: குன்றில் எதையும் காருக்கு வெளியே வைக்காதீர்கள். தூரத்துப் பொருளை ஒரு படத்தோடு நிறுத்திவிடாமல், சில வினாடி வீடியோவும் எடுங்கள். கூர்மையைக் கூட்டும்போது, இல்லாததும் முளைக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கல்யாணம் தை மாதம். கல்யாணப் படங்களில் நான் கை வைக்கக் கூடாது என்று பெண் இப்போதே சொல்லிவிட்டாள்.