பெரியவருக்காகக் கழுவிய ஓடை

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்த வேலை, மலையில் ஏறி ஓடையோடு இறங்குவது. கேட்பவர்களுக்கு உல்லாசப் பயணம் மாதிரித் தோன்றும். என் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அட்டை கடித்த காலும் நனைந்த சப்பாத்துமாக நானுஓயாவில் ரயிலுக்குக் காத்திருந்த மாலைகளில், இந்த மீன்களுக்கு என்மேல் என்ன வன்மம் என்று நினைத்திருக்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்காகத் தோட்டங்களில் யூகலிப்டஸ் காடு வளர்த்திருந்தார்கள். அதை வெட்டுவதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் இருந்து ஆள் போய்ப் பார்க்க வேண்டும். சரிவில் விழும் மழை எந்த வழியாக ஓடைக்கு வருகிறது, மண் எங்கே இளகிக் கிடக்கிறது, வெட்டிய மரத்தை இழுக்கும் பாதை எங்கே தண்ணீரைக் கடக்கும், எல்லாம் பார்க்க வேண்டும். ஓடையில் மீன் இருந்தால் இரு கரையிலும் ஒரு வரிசை மரங்களை விட்டுவைப்பார்கள். நிழல் போனால் தண்ணீர் சூடாகும். வேர் போனால் மண் இறங்கி, கல்லிடுக்கில் மீன் இட்ட முட்டைகளை மூடிவிடும். மீன் இல்லையென்றால் கரைவரைக்கும் கோடரி போகலாம்.

வட்டகொடையிலிருந்து ஏறிப்போகும் ஒரு தோட்டத்து ஓடையில் மீன் இருந்தது. விரல் நீளம்தான். விழுந்து கிடந்த மரத்தின் நிழலில், பாசி பிடித்த கற்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே தண்ணீர்தான் கீழே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், பீலிக் குழாய் வழியாக வந்து கொட்டியது. கடைசிக் காம்பராவில் குடியிருந்த கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் அங்கே குடம் நிரப்பிக்கொண்டே சொன்னார்: "கோடையிலயும் நிக்காதுங்க ஐயா. கீழ் லயத்து ஆளுங்களும் இங்கதான் வாறாங்க."

அந்தக் கரை மரங்கள் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. மீனுக்குக் கிடைக்கும் நிழலில் இந்த அம்மாவின் குடமும் பிழைத்துப்போகும். எத்தனையோ ஓடைகளைப் பார்த்து அலுத்தவனுக்கு அப்படியொரு ஆசை வந்ததே எனக்கு வியப்பாக இருந்தது.

என் சொல் மட்டும் போதாது. கொழும்பிலிருந்து மேலதிகாரி வந்து மீனைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தோட்டத்தில் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அவர் வரப்போவதை மட்டும் சொன்னேன்.

"அடுத்த கிழமை பெரியவர் ஓடையப் பாக்க வாறாருங்க."

"ஓடையவா?"

"ஓடையத்தாங்க ஐயா."

"சரி தம்பி. நீங்க போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

ஆறுதலோடு ரயில் ஏறினேன்.

தோட்டத்துக்குப் பெரிய ஆள் வந்தால் என்ன செய்வார்கள் என்பது மலைநாட்டில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் அது. ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வடிகால் கான் வெட்டுவார்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரி நிறுத்துவார்கள். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன, துரைமார் மாறினார்கள். சுண்ணாம்பு மட்டும் மாறவில்லை.

பெரியவரோடு ஓடைக்கு ஏறிய அன்று பார்த்தால், விழுந்து கிடந்த மரத்தைக் காணோம். இலைச் சருகையெல்லாம் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். ஓடைக் கற்களைப் புரட்டி, தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்து, இரு கரையிலும் வரிசையாக வைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. பெண்கள் முகம் கழுவி, பொட்டு வைத்து, ஓரமாக நின்றார்கள்.

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பத்து ஆள இதுக்குன்னே விட்டேன் தம்பி" என்றார் கண்டாக்கையா, என் காதோடு.

பெரியவர் பலமுறை வலையை முக்கி எடுத்தார். வலையும் சுத்தமாக வந்தது. போன கிழமை வரைக்கும் மீன் இருந்ததையும், இவர்கள் மரியாதைக்காகக் கழுவிவிட்டதையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என்னைப்போலவே களைத்திருந்தார். கண்டதைத்தான் எழுத முடியும் என்றார். ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

யார்மேல் கோபப்படுவது? வீட்டுக்கு வந்தவனுக்குப் பாய் விரித்தவர் மேலா? கடைசிக் காம்பரா அம்மாவின் விரல்கள் சுண்ணாம்பில் வெந்திருந்தன.

"பெரியவரு ஏதும் கொற சொன்னாருங்களா ஐயா?"

"இல்லம்மா. ஒரு கொறையும் சொல்லல."

கரைவரைக்கும் வெட்டினார்கள். மழை தொடங்கிய பிறகு, வேறொரு ஓடைக்குப் போகும் வழியில் அந்த லயத்தைக் கடந்தேன். பீலியில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா குடத்தின் வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டி வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேற்றில் பாதி புதைந்து ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. என்னைக் கண்டதும் கை நின்றது.

"மரத்த எல்லாம் வெட்டிப்புட்டாங்களே ஐயா" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு நாங்க சரியாக் கழுவலைங்களா?"

"நல்லாத்தாம்மா கழுவினீங்க" என்றேன்.